பழைய 697 இன்ஜின்: வாங்குவதிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடில் சேசிஸ் துரு, ரிவெட், கிராஸ் மெம்பர் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான். "பழைய லாரிக்கு இன்ஜின் தேடினா எதைப் பார்த்து வாங்கறது? வாங்கின பிறகு எவ்வளவு வேலை செய்யணும்?" இன்னைக்கு அதை முழுசா பேசிடுவோம்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் எங்கள் பட்டறையில் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். வண்டி டாடா 1210 எஸ்.இ. உரிமையாளர் சங்ககிரிப் பக்கத்துப் பெரியவர், எழுபது தாண்டியவர். அந்த ஒரே லாரியை ஓட்டித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நடுவில் பணத்தேவைக்கு இன்ஜினை மட்டும் கழற்றி விற்றுவிட்டார். வண்டி தோட்டத்தில் நின்றுவிட்டது. இப்போது அதை ஓட வைக்க வேண்டும். அலங்காரத்துக்கு நிறுத்தி வைக்க இல்லை, சாலையில் ஓட்ட. கையில் இருப்பது அவருடைய சேமிப்பு மட்டும்தான். பிள்ளைகளிடம் கேட்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் ஒரே தடவைதான் இன்ஜின் வாங்க முடியும்.

எந்த இன்ஜின் என்று முதலில் தெரிய வேண்டும்

1210 என்றால் என்ன? முதல் இரண்டு இலக்கம் வண்டியின் மொத்த எடை, 12 டன். அடுத்த இரண்டும் குதிரைத்திறன், பத்தால் பெருக்கிக்கோங்க: சுமார் 100. 1612 என்றால் 16 டன், 120 குதிரைத்திறன். இன்ஜின் பெயரும் இப்படித்தான். 697 என்றால் 6 சிலிண்டர், போர் 97 மில்லிமீட்டர். 407 வண்டியில் வந்த 497 என்றால் 4 சிலிண்டர், அதே 97. அதற்கு முந்தைய 692 என்றால் 6 சிலிண்டர், 92 போர்.

697-ன் ஸ்ட்ரோக் 128 மில்லிமீட்டர். ஆறு சிலிண்டரும் சேர்த்து 5,675 சி.சி. பென்ஸின் ஓ.எம். 352 இன்ஜினுக்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக். 1954-ல் டாடா டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டுத்தான் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1969 வரை அந்த ஒப்பந்தம் இருந்தது. பழைய டிரைவர்கள் இன்னும் "டாடா பென்ஸ்" என்று சொல்வது அதனால்தான்.

இதில் நமக்கு என்ன லாபம்? இந்தக் குடும்பத்து இன்ஜின்கள் ஏராளமாக ஓடின. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் இன்றும் கிடைக்கும். கை பழகிய மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். பழைய வண்டியை எடுத்துச் செய்பவர்கள் அபூர்வமான இன்ஜினைத் தேடி அலைவதைவிட, பாகம் கிடைக்கிற இன்ஜினைப் பிடிப்பது நல்லது.

பார்த்த மூன்று இன்ஜின்கள்

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய சாமான் கடைகள் என்று தேட இடம் நிறைய இருக்கு. நாங்கள் எந்தெந்தக் கடையில் பார்த்தோம் என்பது வேண்டாம். என்ன பார்த்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் இன்ஜினில் எதையும் திறக்கவே இல்லை. பிளாக்கில் நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்தேன். அந்த இடம் மட்டும் கிரைண்டர் போட்ட மாதிரி வழுவழுப்பு. அதன் மேல் புதிதாக அடித்த நம்பர், எழுத்துகள் ஒரே வரிசையில் இல்லை. விலை மற்றதைவிட ரொம்பக் குறைவு. பெரியவர் என் கையைப் பிடித்து, "தம்பி, விலை கட்டுமே?" என்றார். "ஐயா, இந்த நம்பரை ஆர்.சி. புக்கில் ஏத்த முடியாதுங்க. நாளைக்கு யாராவது இது என் இன்ஜின்னு வந்து நின்னா, வண்டியோட சேர்த்துப் போயிடும்" என்றேன். திரும்பி வந்துவிட்டோம். இன்ஜின் பார்க்கப் போனால் முதல் வேலை நம்பர், இரண்டாவது வேலை பில். இந்த இரண்டும் சரியில்லை என்றால் மூன்றாவது வேலைக்குப் போகாதீங்க.

இரண்டாவது இன்ஜின் ஓடுகிற நிலையில் இருந்தது. ஸ்டாண்டில் ஏற்றி, நீலப் பெயிண்ட் அடித்து, பேட்டரி மாட்டி வைத்திருந்தார்கள். சாவி போட்டதும் கப்பென்று ஸ்டார்ட். ஆனால் நாங்கள் போன உடனே பிளாக்கில் கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். களைத்துப்போன இன்ஜினும் சூட்டில் நல்லா ஸ்டார்ட் ஆகும், குளிரில்தான் அதன் உண்மை தெரியும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் இன்ஜின் மாதிரி புகை. இதைத்தான் நம்ம பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறோம். ரிங்கும் போரும் தேய்ந்து, எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே சம்ப்புக்குள் இறங்குகிறது. சம்ப் விளிம்பெல்லாம் புது சீலண்ட் பிதுங்கியிருந்தது. போல்ட் தலைகளில் பெயிண்ட் உடைந்திருந்தது. அதாவது பெயிண்டுக்கு அப்புறமும் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

இதை மோசமான இன்ஜின் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடுகிற இன்ஜின் என்ற பெயரில் விலை கூட. எப்படியும் முழுசா திறக்கத்தான் போகிறோம். அப்புறம் எதுக்கு ஓடுவதற்குத் தனிக் காசு கொடுக்கணும்?

மூன்றாவது இன்ஜின் ஒரு மூலையில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணுமாகக் கிடந்தது. பம்ப், கம்ப்ரசர், டைமிங் கவர் எல்லாம் அப்படியே இருந்தன. பில்லும், வண்டியை உடைத்த ஆவணமும் கடைக்காரரிடம் இருந்தன. பிளாக் நம்பர் தொடப்படாமல் இருந்தது.

தரையில் கிடக்கும் இன்ஜினை எப்படிப் பரிசோதிப்பது

ஸ்டார்ட் பண்ண முடியாத இன்ஜினைப் பார்க்க ஒரு வரிசை இருக்கு. கையில் ஒரு லீவர், டார்ச், காந்தம், டயல் கேஜ் போதும்.

முதலில் ஃபிளைவீல் பல்லில் லீவரைக் கொடுத்துச் சுற்றுங்க. இரண்டு முழுச் சுற்று சுற்றணும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் எல்லா சிலிண்டரும் ஒரு தடவை அமுக்கி முடிக்க அவ்வளவு தேவை. அந்த இரண்டு சுற்றில் ஆறு இடத்தில் எதிர்ப்பு வரும். ஒவ்வொரு எதிர்ப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கணும். ஒரு இடத்தில் லேசாகச் சறுக்கினால் அந்த சிலிண்டரில் வால்வோ ரிங்கோ போயிருக்கு. எங்கேயாவது கல்லு மாதிரி நின்றால் பலவந்தம் செய்யாதீங்க.

அடுத்து சம்ப் பிளக். அதை மெதுவாகத் தளர்த்துங்க. ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அதனால் தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஹெட், கேஸ்கட், பிளாக் ஏதோ ஒன்றில் தண்ணீர் உள்ளே வருகிறது. வந்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்க. ஒட்டினால் அது இரும்புத் துகள்: கியர், கேம், ரிங் இப்படி. ஒட்டாமல் மினுக்கினால் பேரிங் உலோகம்.

மூன்றாவது, கிராங்க் முன்னும் பின்னும் நகர்கிற அளவு. டயல் கேஜை ஃபிளைவீலில் வைத்து லீவரால் தள்ளிப் பாருங்க. கேஜ் இல்லாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் திரஸ்ட் பேரிங் போயிருக்கு. பல வருஷம் கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டிய வண்டிகளில் இது வரும்.

நான்காவது, பிளாக்கின் வெளிப்பக்கம். தண்ணீர் ஜாக்கெட் பக்கத்தில் வெல்டிங் போட்ட தடம், பட்டியடித்த தடம், கனெக்டிங் ராடு வெளியே வந்த ஓட்டையை அடைத்த தடம். மண்ணைச் சுரண்டித்தான் பார்க்கணும்.

எங்கள் மூன்றாவது இன்ஜின் இதிலெல்லாம் தேறியது. ஐந்தாவது சிலிண்டர் கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான். கடைக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். திறந்த பிறகு பிளாக்கோ கிராங்க்கோ பயன்படாது என்று தெரிந்தால் அந்த பாகத்தை மட்டும் மாற்றித் தரணும். அதை பில்லிலேயே எழுதி வாங்கினோம். இந்த ஒரு வரி பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

திறப்பது என்றால் படிப்பது

பட்டறைக்கு வந்ததும் பிரித்தோம். இங்கே பொறுமை வேணும். ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்து நம்பரோடு வைக்கணும். முக்கியமாக மெயின் பேரிங் கேப், கனெக்டிங் ராடு கேப். பிளாக்கோடும் ராடோடும் சேர்த்து மாட்டி ஒன்றாகக் கடைந்தவை அவை. மூன்றாம் கேப்பை நான்கில் போட்டால் துளை வட்டமாக இருக்காது.

பழைய பேரிங் ஓடுகளைத் தூக்கி எறியாதீங்க. வரிசையாக அடுக்கி வைத்துப் பாருங்க. எல்லா ஓடும் சமமாகத் தேய்ந்திருந்தால் நல்ல செய்தி. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கலாம். நடு மெயின் ஓடுகள் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பிளாக்கின் நேர்கோடு போயிருக்கலாம், அல்லது கிராங்க் வளைந்திருக்கலாம். கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயிலில் மண்.

எங்கள் இன்ஜினில் ஐந்தாவது பிஸ்டனின் மேல் ரிங் மூன்று துண்டாக இருந்தது. பலவீனத்துக்குக் காரணம் அதுதான்.

போர் அளவு: தேய்மானம் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை

போரின் உச்சியில் விரல் நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டும். ரிங் அதற்கு மேலே போவதில்லை, அதனால் அந்த இடம் தேயாமல் அப்படியே நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு தள்ளுவது அங்கேதான், சூடு அதிகம், ஆயில் குறைவு. கீழே போகப்போக தேய்மானம் குறையும். இந்த மேல்-கீழ் வித்தியாசம்தான் டேப்பர்.

இன்னொன்று ஓவல். ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் இன்ஜினின் இரண்டு பக்கச் சுவர்களில்தான் உரசுகிறது. முன்-பின் திசையில் அவ்வளவு இல்லை. அதனால் வட்டம் முட்டை ஆகிறது. ஆகவே ஒவ்வொரு போரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு. ஆறு சிலிண்டருக்கு 36 அளவு. ஒரு நோட்டில் எழுதணும்.

எங்களுக்கு அதிகம் தேய்ந்த போர் உச்சியில் 97.28, அடியில் 97.06. வெறும் ரிங் மாற்றினால் போதுமா என்று பெரியவர் கேட்டார். ரிங் ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் விரிந்து, கீழே வரும்போது சுருங்கணும். புது ரிங் இதில் நிற்காது. கொஞ்ச நாளில் மறுபடி புகைதான். அதனால் ஆறையும் 0.50 ஓவர்சைஸுக்குக் கடைய முடிவு செய்தோம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். முதலில் பிஸ்டனை வாங்கி, ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்த பிறகுதான் போரைக் கடையணும். பிஸ்டனுக்கும் போருக்கும் எவ்வளவு இடைவெளி வேணும் என்று பிஸ்டன் கம்பெனியே அளவு கொடுக்கும். கடைசியில் ஹோனிங் கல் ஓடின தடம் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியணும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது நல்ல வேலை இல்லை.

போர் ஏற்கனவே கடைசி ஓவர்சைஸில் இருந்தால், அல்லது ஆழமான கீறல் இருந்தால் சிலீவ் போட்டுப் பழைய ஸ்டாண்டர்ட் அளவுக்குக் கொண்டுவரலாம். அதனால் தேய்ந்த போர் என்றாலே இன்ஜின் முடிந்தது என்று இல்லை.

கிராங்க்: கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு

கிராங்க்கை அளந்தோம். பின்களில் லேசான ஓவல். அண்டர்சைஸ் ஒரு படி, அதாவது 0.25 மில்லிமீட்டர் கடைந்தால் சரியாகிவிடும். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் வெடிப்புச் சோதனைக்கு அனுப்பினேன். கிராங்க்கைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். வெடிப்பு இருந்தால் அங்கே காந்தப்புலம் கசிந்து, தூள் கோடாக நிற்கும்.

நான்காவது பின்னில், ஆயில் துளையின் விளிம்பிலிருந்து ஒரு கோடு நின்றது. கால் அங்குலம்கூட இல்லை.

பெரியவர் சொன்னதை மறக்க முடியாது. "ஏனுங்க தம்பி, இத்தனை வருஷம் இதோடதானே ஓடியிருக்கும்? நான் என்ன டெல்லிக்கா லோடு ஏத்தப் போறேன்? பக்கத்து ஊர் சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய் வரப் போறேன்." நியாயமான கேள்வி. இன்னொரு கிராங்க் என்றால் நாளும் காசும் போகும், கடைக்காரர் பேச்சு மாறினால் பில்லை வைத்துச் சண்டை போடணும்.

நான் சொன்ன பதில் இதுதான். கிராங்க் ஒரே இடத்தில் நின்று பாரம் தாங்கும் தூண் இல்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, உடனே திரும்புகிறது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதை. ஆரம்பித்த வெடிப்பு தானாக மூடாது, வளரத்தான் செய்யும். எப்போது ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைந்தால் மேலே தெரியும் கோடு ஒருவேளை மறையலாம், உள்ளே போன ஆழம் மறையாது. ஓடும்போது கிராங்க் ஒடிந்தால் பிளாக், ராடு எல்லாம் சேர்ந்து போகும். அது பணம். ஆனால் தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் இன்ஜின் செத்தால் இன்ஜின் பிரேக் இல்லை, காற்று பிரேக் வண்டிகளில் காற்றை நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுவிடும். டேங்கில் மிச்சமிருக்கும் காற்றுதான் கதி. அது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க, மாத்திடலாம்" என்றார்.

கடைக்காரரிடம் பில்லைக் காட்டினோம். சோதனை ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு இன்னொரு கிராங்க் கொடுத்தார், கொஞ்சம் முணுமுணுப்போடு. அதையும் முதலில் சோதனைக்கு அனுப்பி, கோடு இல்லை என்று உறுதியான பிறகே கடையக் கொடுத்தோம். வரிசை முக்கியம்: சோதனை முதலில், கிரைண்டிங் பிறகு. கடைந்துவிட்டு வெடிப்பைக் கண்டுபிடித்தால் கடைந்த கூலி வீண்.

கடைந்து வந்த கிராங்க்கில் மூன்று விஷயம் பாருங்க. பின்னும் வெப்பும் சேரும் மூலை வளைவாக இருக்கணும், கூர்மையாக இருந்தால் அங்கேதான் அடுத்த வெடிப்பு பிறக்கும். ஆயில் துளை விளிம்பு மழுங்கியிருக்கணும். துளைக்குள் கிரைண்டிங் தூள் இருக்கக் கூடாது, நீளமான பிரஷ் விட்டுக் கழுவணும். பேரிங் இடைவெளிக்கு மேனுவல் அளவே கடைசி வார்த்தை. மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 மில்லிமீட்டர் பின் என்றால் 0.06 அளவு.

ஹெட், பம்ப், நாசில்

ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே உள்ள பாலம்தான் முதலில் வெடிக்கும் இடம். அதிகச் சூடு அங்கேதான். ஹெட்டைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்லுங்க. பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று நேராகவும் குறுக்காகவும் பாருங்க. வால்வு கைடு ஆடினால் புது வால்வு போட்டும் பயன் இல்லை. சீட்டில் சரியாக உட்காராது, ஆயிலும் அடிக்கும்.

டீசல் பம்ப்பை நாமே பிரிக்கக் கூடாது. அது டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் சர்வீஸ் கடை வேலை. ஆறு பிளஞ்சரும் ஒரே அளவு டீசல் கொடுக்கிறதா என்று கண்ணாடிக் குழாய்களில் பிடித்து அளந்து சரிசெய்வார்கள். நாசிலையும் கூடவே கொடுத்துடுங்க. ஒரு நாசில் தூவாமல் ஒழுகினால், டீசல் போர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடும். நாம் காசு போட்டுக் கடைந்த போர் கொஞ்ச நாளில் கெட்டுப் போகும்.

சேர்ப்பது

சேர்க்கும் வேலையில் பாதி, கழுவும் வேலைதான். பிளாக்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக் எல்லாவற்றையும் எடுத்து, பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீரிலும் டீசலிலும் கழுவி, காற்றடித்து, உடனே ஆயில் தடவணும். ஹோனிங் செய்த போரை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரணும். அதுவரை கழுவணும்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் போருக்குள் வைத்து வாய் இடைவெளியைப் பாருங்க. போர் 100 மில்லிமீட்டர் என்றால் சுமார் 0.3 முதல் 0.4. இடைவெளி இல்லாமல் போட்டால் சூட்டில் ரிங் விரிந்து முட்டிக்கொண்டு ஒடியும். வாய்கள் ஒன்றன் கீழ் ஒன்று வராமல் சுற்றி வைக்கணும்.

மெயின் கேப் ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்க. எந்தக் கேப்பில் கனக்கிறதோ அங்கே ஏதோ தப்பு. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுத் தேடினால் நாள் போகும். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று நான்கு கட்டமாக, டார்க் ரெஞ்ச் வைத்துத்தான். "கை கணக்கு தெரியும்" என்று சொல்லும் மேஸ்திரியிடம் மரியாதையாகவே ரெஞ்ச்சை நீட்டிடுங்க. டைமிங் கியர் புள்ளிகள் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம். 697-க்கு ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. நாசில் பைப் மாட்டும்போது சுவரில் எழுதி வைத்துக்கொள்வோம்.

முதல் ஸ்டார்ட்

புது பேரிங்கில் உலர்ந்த ஸ்டார்ட் கூடாது. டீசலை நிறுத்தி வைத்து, ஸ்டார்ட்டரைச் சின்னச் சின்ன இடைவெளியில் அடித்து, ஆயில் பிரஷர் மீட்டர் முள் எழும்பும் வரை பாருங்க. பிறகு டீசல் பைப்பில் ஏர் எடுத்து, அதற்கப்புறம் ஸ்டார்ட்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒரு ஆள் காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில், கையில் ஒரு தடித்த மரப்பலகையோடு நிற்கணும். இதைச் சிரிக்காமல் கேளுங்க. பம்ப் வேலை செய்த இன்ஜினில் ராக் முழு டீசல் நிலையில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தாலும் நிற்காது, டீசலுக்கு ஸ்பார்க் தேவை இல்லையே. காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. துணியோ கையோ வைக்கவே கூடாது, உள்ளே இழுத்துவிடும். பலகைதான். எங்களுக்கு அன்றைக்குப் பலகை தேவைப்படவில்லை. இன்ஜின் அமைதியாக ஓடியது. ஆனால் அடுத்த தடவையும் பலகை இருக்கும்.

ஓட ஆரம்பித்ததும் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடாதீங்க. "புது இன்ஜின், மெதுவா ஓடட்டும்" என்ற நினைப்பு தப்பு. ரிங் போரில் உட்கார வாயு அழுத்தம் தேவை, அதற்கு மிதமான லோடு தேவை. லோடே இல்லாமல் ஓட்டினால் போர் சுவர் வழுவழுத்துப் போய், ஆயில் அடிக்கும் இன்ஜினாகவே நின்றுவிடும். அதே நேரம் முழு லோடும் முழு வேகமும் வேண்டாம். வேகத்தை மாற்றி மாற்றி, மிதமான பாரத்தில் ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிடுங்க.

பேப்பர் வேலை

இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் மாறணும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. முன் அனுமதி வாங்குவது நல்லது. அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்கணும். வாங்கிய பில், பழைய வண்டியின் ஆவணம் இரண்டும் அப்போது கேட்பார்கள். இன்சூரன்ஸிலும் மாற்றிடுங்க. நம்பர் பொருந்தாத வண்டி விபத்தில் மாட்டினால் வழக்கு எப்படித் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை.

காசு குறைவாக இருந்தால் எங்கே மிச்சம் பிடிப்பது?

நிறையப் பேர் கேட்ட கேள்வி இது. பெயிண்ட், குரோம், புது ஹோஸ் கிளிப், அழகுக்குச் செய்யும் எதையும் தள்ளிப் போடலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வாட்டர் பம்ப் இவற்றை வண்டியில் மாட்டிய பிறகும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். ஆனால் இன்ஜினை மறுபடி இறக்கினால்தான் எட்ட முடியும் என்ற இடத்தில் கஞ்சத்தனம் கூடாது: வெடிப்புச் சோதனை, பேரிங், ரிங், ஆயில் பம்ப், பின் ஆயில் சீல். இந்த ஒரே அளவுகோலை வைத்தால் போதும், எதில் காசு போடணும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

பெரியவர் வண்டி இப்போது ஓடுகிறது. முதல் ஆயில் மாற்ற வந்தபோது சம்ப்பில் காந்தம் விட்டுப் பார்த்தோம், எதுவும் ஒட்டவில்லை. அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார். அடுத்து சென்டர் ஜாயிண்ட்டில் ஒரு சத்தம் வருதுன்னு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த எபிசோடில் கியர்பாக்ஸ், கிளட்ச் இரண்டையும் பார்ப்போம். உங்கள் பழைய இன்ஜினைத் திறந்து பேரிங் ஓடுகளை அடுக்கிப் போட்டோ எடுத்து அனுப்புங்க. எந்த ஓடு எந்த இடத்தில் இருந்தது என்று நம்பர் போட்டு அனுப்பினால்தான் ஏதாவது சொல்ல முடியும்.